மூன்று மாவட்டம் பார்த்த ஆர்.சி. புக்

பெரியப்பாவின் அம்பாசடர் கார் 1985 நவம்பரில் திருச்சியில் பதிவானது. 2000இல் பதிவைப் புதுப்பித்தது பெரம்பலூரில். 2005இலும் பெரம்பலூர்தான். 2010இலிருந்து அரியலூர். இத்தனைக்கும் வண்டி இடம் மாறவே இல்லை. அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அதே ஓட்டுக் கொட்டகையில்தான் நாற்பது வருஷமாக நிற்கிறது. மாவட்டம்தான் அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995 செப்டம்பர் 30இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமானது. பதினைந்தே மாதத்தில், 2002 மார்ச் 31இல், மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கடைசியாக 2007 நவம்பர் 23இல் திரும்பவும் தனி மாவட்டம். இன்று பெரம்பலூருக்கு டி.என். 46, அரியலூருக்கு டி.என். 61. எங்கள் வண்டியில் இரண்டும் கிடையாது. மாநிலக் குறியீடும் அலுவலக எண்ணும் சேர்ந்த இந்த முறை வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் அது.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், 2025 நவம்பரில் பதிவு மறுபடியும் காலாவதி. வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

“பதினஞ்சு வருஷம் தாண்டினாலே உடைக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்களாமே?” என்றான் தம்பி.

“வருஷத்துக்கு முன்னூறு கிலோமீட்டர்கூட ஓடல. இதுக்குப் பத்தாயிரம் கட்டணுமா?” என்றாள் அண்ணி.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் எங்களுக்குக் குலதெய்வம். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோவில். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தக் காரில்தான் போவார். போகவர எண்பது கிலோமீட்டர் சொச்சம். அது போக ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து. அவ்வளவுதான் வண்டியின் ஓட்டம். வேறு காரில் கூப்பிட்டால் “முட்டி மடங்கலப்பா” என்று சொல்லிவிடுவார். அது உண்மையும்கூட. அம்பாசடரில் ஏறுவது நாற்காலியில் உட்காருவது மாதிரி. இன்றைய சின்ன காரில் ஏறுவது பள்ளத்தில் இறங்குவது மாதிரி.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, எப்போதிலிருந்து சொல்கிறது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கப் படிக்க, ஒரு காரின் கதையை விடப் பெரிய கதையாக அது விரிந்தது. அதற்கான குறிப்புகள்தான் இவை.

லாரிக்கு வருஷா வருஷம், காருக்கு ஒருதரமும் இல்லை

பெரியப்பாவிடம் 80களில் இரண்டு லாரிகள் இருந்தன. சுண்ணாம்புக்கல் நடை. எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது பழைய கடல்; டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கு அரியலூர்ப் பகுதியின் புதைபடிவங்களே சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் சிமெண்ட் ஆலைகளை இங்கே இழுத்து வந்தது. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் வந்தது. தனியார் ஆலைகள் பிறகு வரிசையாக வந்தன. ஆலை இருந்தால் லாரி. லாரி இருந்தால் எஃப்.சி.

எஃப்.சி. என்பது தகுதிச் சான்று. 1914ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே போக்குவரத்து வண்டிகளுக்கு அது கட்டாயம். கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றும் வண்டி சரியாக இருக்கிறதா என்று அரசு அவ்வப்போது பார்க்கும். பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம்ம பக்கம் அவருக்குப் பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. கவனியுங்கள், பெயரிலேயே பிரேக் இருக்கிறது, புகை இல்லை. அந்தக் காலத்துக் கவலை என்னவென்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

லாரிக்கு எஃப்.சி. காட்டும் மாதம் வந்தால் பெரியப்பா வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். பெயிண்ட் அடிப்பது, லைட் மாற்றுவது, பிரேக் லைனிங் போடுவது என்று பத்து நாள் வேலை நடக்கும். பக்கத்திலேயே நின்ற அம்பாசடரை யாரும் சீண்டமாட்டார்கள். சொந்தக் காரை அரசு மறுபடி பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை.

அதை மாற்றியது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 41ஆவது பிரிவு, போக்குவரத்து வண்டி அல்லாத வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும் என்றது. அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கலாம். இதில் எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு சங்கதி உண்டு. இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் கொடுத்த பதிவுச் சான்றுகளுக்கும் இந்த 15 வருஷக் கணக்கு பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 1985இல் கார் வாங்கிய பெரியப்பா 15 வருஷக் கெடுவுக்கு ஒத்துக்கொண்டு வாங்கவில்லை. நாலு வருஷம் கழித்து வந்த சட்டம் பின்னால் போய் அவர் காரையும் பிடித்துக்கொண்டது.

பதினைந்து முடிந்தால் உடைக்கவேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. ‘புதுப்பிக்கத்தக்கது’ என்றுதான் இருக்கிறது. தம்பியின் வாட்சப் சட்டத்துக்கு முதல் பதில் இது.

புகைக்கு ஒரு எண் வந்த கதை

பிரேக்குக்குப் பிறகு புகைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தமிழ்நாட்டில் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியோடு ஒரு கொதிகலன் மாதிரி அடுப்பைப் பொருத்தி, கரியை அரைகுறையாக எரித்து, வருகிற வாயுவை என்ஜினுக்குக் கொடுப்பார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கரிவாயு அடுப்புகளைத் தயாரித்தது. அந்த வாயுவில் எரியக்கூடிய முக்கியமான பொருள் என்ன தெரியுமா? கார்பன் மோனாக்சைடு. இன்று புகை டெஸ்டில் குழாயைச் செருகி எத்தனை சதவீதம் என்று அளக்கிறார்களே, அதேதான். அன்றைக்கு அது எரிபொருள். இன்றைக்கு அது குற்றம். முழுசாக எரியாத கரிதான் இரண்டிலும் இருக்கிறது. என்ஜினுக்குள் போகும்போது அதற்கு மதிப்பு, வெளியே வந்தால் விஷம்.

1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். இதற்கு நடுவில், 1985இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லியின் வாகனப் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கு முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது என்பதை விட, முடியவே இல்லை என்பதுதான் பொருத்தம். பெரியப்பா கார் வாங்கிய அதே வருஷம் போட்ட வழக்கு அது.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆவது விதியில்தான் நாடு முழுமைக்கும் புகைக்கு எண்கள் வந்தன. பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் 4.5 சதவீதம். டீசல் வண்டிக்கு வேறு சோதனை. ஆக்சிலேட்டரை மிதித்து, வரும் கரும்புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்ப்பது. ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65 வரை பாஸ்.

அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. 1990 மார்ச் 1க்கு முன் தயாரான, 70 சி.சி.க்கு மேல் போகாத சின்ன இருசக்கர வண்டிகளை விட்டுவிடலாம் என்றது விதி. கிராமத்தில் பாதிப்பேர் டி.வி.எஸ். 50 ஓட்டிய காலம். ‘பழசு, சின்னது, போனால் போகிறது’ என்று விட்டுக்கொடுக்கும் மனசு அந்த விதிக்கு இருந்திருக்கிறது. அம்பாசடருக்கு அந்த மனசு வாய்க்கவில்லை.

2004 அக்டோபர் 1 முதல் அளவைத் திருத்தினார்கள். புதுத் தலைமுறைக் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கு. எங்கள் கார் மாதிரி பழசுக்கு அதே 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பங்கு. அதாவது பழைய காரைப் புதிய காரின் அளவுகோலில் நிறுத்தச் சட்டம் சொல்லவில்லை; ‘நீ பிறந்த காலத்துக்கு ஏற்றபடி சுத்தமாக இரு’ என்றுதான் சொல்கிறது. நியாயமான விதி என்றே நான் நினைக்கிறேன்.

வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆனதும் புகைச் சான்று வேண்டும். பழைய வண்டிக்கு 6 மாதம் செல்லும். பாரத் 4, பாரத் 6 தர வண்டிகளுக்கு ஒரு வருஷம். சான்று இல்லாவிட்டால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் தடவை 1000 ரூபாய் அபராதம். 2019 திருத்தம் அதை 10,000 ரூபாய் வரைக்கும், மூன்று மாதச் சிறை வரைக்கும் கொண்டுபோனது. 2017 ஆகஸ்டில், புகைச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையைத் தானே எடுத்துவிட்டது. காரணம் எளிது. சான்று இல்லாததால் இன்சூரன்ஸ் போடாமல் ஓடும் வண்டி மோதினால், அடிபட்டவனுக்கு இழப்பீடு யார் கொடுப்பது? புகையைப் பிடிக்கப்போய்ப் பாதுகாப்பைக் கைவிட்ட கதையாகிவிடும்.

சென்னைக்கு முதல் பந்தி

புதிய வண்டிகளுக்கான விதிகள் வந்த விதம் தனிக் கதை. 1991இல் பெட்ரோல் கார்களுக்கும் 1992இல் டீசல் வண்டிகளுக்கும் முதல் உற்பத்தி வரம்பு வந்தது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை என்ற நாலு பெருநகரங்களில் மட்டும் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம். ஈயம் கலந்த பெட்ரோல் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அங்கேதான் முதலில் வந்தது. நாடு முழுக்க அது வர 2000 பிப்ரவரி ஆனது. அதற்கப்புறம் பாரத் 3 தரம் சென்னை உள்ளிட்ட 11 நகரங்களுக்கு 2005இல், மற்ற ஊர்களுக்கு 2010இல். பாரத் 4 சென்னைக்கு 2010இல், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் 2017இல். ஒவ்வொரு தடவையும் நமக்கு ஐந்து வருஷம், ஏழு வருஷம் தாமதம். பாரத் 6 மட்டும்தான் 2020 ஏப்ரல் 1இல் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் இலை போட்டது.

நகரத்தில் வண்டி அதிகம், நெரிசல் அதிகம்; அதனால் அங்கே முதலில் என்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஐந்து ஏழு வருஷமும் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஊரில் துணியைக் காயப்போட்டு எடுத்தால் உதறித்தான் மடிக்கவேண்டும். கெட்ட காற்று என்றால் அது டெல்லிக்காரன் பிரச்சினை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இனி அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். முன்னூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி எவ்வளவுதான் கெடுத்துவிடும்?

1991 வரம்பின்படி ஒரு பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம். வண்டியின் எடையைப் பொறுத்து அது மாறும். பாரத் 6 காருக்கு வரம்பு 1 கிராம். பெரியப்பா கார் இந்த வரம்புகளுக்கெல்லாம் முந்தியது. ஒரு பேச்சுக்கு 27 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். முன்னூறு கிலோமீட்டருக்கு 8 கிலோ சொச்சம். புதுக் கார் ஒன்று வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால், வரம்பளவில் 12 கிலோ. பெரியப்பா கார் அந்த 27ஐப் போல் இரண்டு மடங்கு விட்டால்கூட 16 கிலோவைத்தான் தொடும்.

இது ஆய்வகக் கணக்கு இல்லை. வரம்பை வைத்துப் போட்ட மனக்கணக்கு. ஒரே ஒரு விஷவாயுவுக்கான கணக்கு வேறு. நின்ற இடத்திலேயே டேங்கிலிருந்து ஆவியாகும் பெட்ரோலை இதில் நான் சேர்க்கவில்லை. இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. கிலோமீட்டருக்கு 27 மடங்கு மோசமான வண்டி, வருஷக் கணக்கில் புது வண்டியை விடக் குறைவாகவே கெடுக்கமுடியும். எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் விடை. ஆனால் பதிவுக் கட்டணத்திலும் சரி, கெடுவிலும் சரி, கிலோமீட்டருக்கு இடமே இல்லை. தேதி மட்டும்தான். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சொந்தக் காரும் கோவிலுக்கு மட்டும் போகும் காரும் பிறந்த வருஷம் ஒன்றென்றால் ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

அப்படியென்றால் அண்ணி சொன்னதுதான் சரி என்று நானும் இருந்தேன். வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் வரைக்கும்.

புகை டெஸ்ட்

எட்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டி. பேட்டரி மாற்றி, சோக்கை இழுத்துக் கிளப்பியபோது வந்த நாற்றத்தில் கோழிகள் எல்லாம் தெருவுக்கு ஓடிவிட்டன.

முதலில் ஒரு இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்தார். “முடிஞ்சுதுங்க, ரெண்டு நிமிஷம் இருங்க, பிரிண்ட் தர்றேன்” என்றார். குழாயைச் செருகவே இல்லையே என்று கேட்டேன். “பழைய வண்டி சார். செருகுனா ஃபெயில் ஆயிடும். உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். எனக்கு நல்லது செய்கிறார் என்றே அவர் நம்பினார். வாங்கிக்கொண்டு வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஏனோ மனசு கேட்கவில்லை. பெரியப்பாவை உட்கார வைத்து ஓட்டப்போகும் வண்டி. அதன் நிலைமை எனக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு இடத்தில் முறையாகச் செருகினார்கள். கார்பன் மோனாக்சைடு 4.4 சதவீதம். ஹைட்ரோகார்பன் 1900க்கு மேல். இரண்டிலும் ஃபெயில்.

எங்கள் மெக்கானிக்குக்கு எழுபது வயசிருக்கும். தாளைப் பார்த்தார். “இது வயசுக் கோளாறு இல்ல தம்பி, சும்மா நின்ன கோளாறு” என்றார். வரிசையாகச் சொன்னார். சோக் முழுசாகத் திரும்பவில்லை, அதனால் பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கிறது. பாயிண்ட் துருப்பிடித்து, பிளக் ஒழுங்காகப் பொறி விடவில்லை. அதனால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது. டேங்கில் இருந்த பெட்ரோலும் செத்துப்போச்சு.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இன்றைக்கு பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தீர்ந்து புதுசு வந்துகொண்டே இருப்பதால் பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் சேரும், டேங்க் துருப்பிடிக்கும். 80களின் ரப்பர் டியூப்கள் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி, வெடித்து, கசியும். எங்கள் வண்டியின் பெட்ரோல் டியூபை மெக்கானிக் விரலால் அழுத்தினார். விரிசல் வாயைத் திறந்தது. சூடான என்ஜினுக்கு அரை அடி பக்கத்தில்.

பிறகு சக்கரத்தைக் கழற்றினார். வீல் சிலிண்டரில் கசிவு. பிரேக் ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. டயரில் பட்டன் இருந்தது, பக்கவாட்டில் வெடிப்பு. “இதோட சிறுவாச்சூர் போயிருந்தா அம்மன்தான் காப்பாத்தணும்” என்றார்.

என் மனக்கணக்கு அங்கேதான் ஆட்டம் கண்டது. நான் புகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றைக் கெடுப்பது கிலோமீட்டர். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரப்பரையும் பிரேக் ஆயிலையும் கெடுப்பது வருஷம். ஓடாத வண்டிக்கும் வயசாகிறது, சில விஷயங்களில் ஓடும் வண்டியைவிட வேகமாக. பதிவு புதுப்பித்தல் என்ற ஒரே சடங்குக்குள் சட்டம் இரண்டு கேள்விகளைப் போட்டுக் கட்டிவிட்டது. ‘இது எவ்வளவு கெடுக்கும்?’ என்பதற்குத் தேதி தப்பான அளவுகோல். ‘இதில் ஆள் ஏறலாமா?’ என்பதற்குத் தேதி சரியான அளவுகோல். லாரிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் அதற்குமேல் வருஷா வருஷமும் பிரேக் பார்க்கிறார்கள். பெரியப்பா காரின் பிரேக்கை 1985இலிருந்து 2000 வரை அரசு ஒருதரம்கூடப் பார்க்கக் கேட்கவில்லை.

பத்து நாள் வேலை நடந்தது, அந்தக் காலத்து எஃப்.சி. மாதம் மாதிரியே. பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்ட், பிளக், டியூப், சிலிண்டர், டயர் எல்லாம் மாற்றியாயிற்று. “பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூடா கொண்டுபோய் செருகச் சொல்லுங்க” என்று அனுப்பினார். கார்பன் மோனாக்சைடு 2.3. ஹைட்ரோகார்பன் 1000க்குப் பக்கம். பாஸ். நாற்பது வருஷத்து என்ஜின் தன் காலத்து வரம்புக்குள் நிற்கிறது. போட்டோ மட்டும் எடுத்துத் தந்த சான்றை வாங்கியிருந்தால் அந்த டியூப் இன்றும் அங்கேயே இருந்திருக்கும்.

15, 20, 50

கட்டண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கும் பயன்படும்.

15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 மார்ச் வரை 600 ரூபாய். ஏப்ரல் 1 முதல் 5000. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள், பைக்குக்கு 2000. கெடு தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். இதற்குமேல் தமிழ்நாட்டின் பசுமை வரி, 2003இலிருந்து இருக்கிறது. படிவம் 25இல் காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது.

உடைப்புக் கொள்கை 2021இல் வந்தது. அதிலும் வயசு மட்டும் காரணமில்லை. 20 வருஷத்துக்குப் பிறகு சோதனையில் தோற்றாலோ, பதிவைப் புதுப்பிக்காவிட்டாலோதான் சொந்தக் காரின் பதிவு போகும். தானாக உடைத்தால் அடுத்த காரின் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றார்கள். வயசை வைத்தே ஓடக்கூடாது என்றது டெல்லிப் பகுதிக்கு மட்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2014இலும் 2015இலும் போட்ட உத்தரவுகளை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருஷம். 2025இலும் அது நீதிமன்றத்தில் இழுபட்டது. தம்பியின் போனுக்கு வந்த செய்தி டெல்லியிலிருந்து கிளம்பி, வழியில் ‘டெல்லி’ என்ற சொல்லைத் தொலைத்துவிட்டு அரியலூர் வந்து சேர்ந்திருக்கிறது.

மற்ற நாடுகளில் வயசைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 1960இல் ஆண்டுச் சோதனை வந்தபோது அது 10 வருஷம் தாண்டிய பழைய வண்டிகளுக்குத்தான். 2018இலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத 40 வருஷ வண்டிக்கு அந்தச் சோதனையே கட்டாயமில்லை. கலிஃபோர்னியாவில் 1975ஆம் வருஷ மாடல் வரையுள்ள பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. பழைய வண்டி குறைவு, குறைவாகவே ஓடும், வைத்திருப்பவர் பொத்திப் பாதுகாப்பார் என்பது அவர்கள் தர்க்கம். புகை விஷயத்தில் அது சரி. பிரேக் விஷயத்தில், எங்கள் வீல் சிலிண்டரைப் பார்த்த பிறகு, நான் அதற்கு ஓட்டுப் போடமாட்டேன்.

இந்தியாவிலும் அதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதி. 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத் தனிப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஒரே நிபந்தனை: அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலப் பேரணி, ஆய்வு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் ரோட்டில் எடுக்கலாம். குறைவாக ஓடும் வண்டி என்று ஒன்று இருப்பதைச் சட்டம் ஒத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பெரியப்பாவிடம் விளக்கினேன். 2035இல் இந்தக் கார் அந்த வரிசைக்குத் தகுதியாகும் என்றேன்.

“அதுல போட்டா சிறுவாச்சூர் போலாமா?”

“அந்தப் பட்டியல்ல கோவில் இல்ல பெரியப்பா.”

கொஞ்சநேரம் யோசித்தார். “அப்ப இதுலயே இருக்கட்டும். பத்தாயிரத்தக் கட்டிரு” என்றார்.

கட்டியாயிற்று. பதிவு 2030 நவம்பர் வரை செல்லும். புகைச் சான்று ஆறு மாதத்துக்குத்தான். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளப்பி, அரியலூர் வரை ஒரு நடை போய்வருகிறேன். இதனால் வருஷக் கணக்கு முன்னூறைத் தாண்டிவிடும். புகைக்கு அது கூடுதல், பிரேக்குக்கு அது மருந்து. இரண்டையும் ஒரே தேதியால் அளக்கமுடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போகிறோம். பெரியப்பா முன்சீட்டில்.